எம்சிபி விழுகிறதா, ஆர்சிசிபி விழுகிறதா? வீட்டு டிபி பாக்ஸ் தகராறுகள், அறிகுறி வாரியாக

"அண்ணே, ட்ரிப்பர் விழுந்துடுச்சு, தூக்கிவிட்டா நிக்கவே மாட்டேங்குது." வயரிங் வேலை செய்கிற எவருக்கும் வாரம் தவறாமல் வரும் போன் இது. பதிலுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: டிபி பாக்ஸில், அதாவது மீட்டரிலிருந்து வரும் கரண்டை லைன் லைனாகப் பிரிக்கும் பெட்டியில், எது விழுந்தது? அதைப் பார்த்துச் சொன்னால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியில் வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியது எவ்வளவு, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## முதலில்: எது விழுந்தது?

ஒரு விரல் அகலத்தில் வரிசையாக இருப்பவை எம்சிபி. முகப்பில் சி6, சி10, சி16, சி20 என்று அச்சடித்திருக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் ஆம்பியர். அவற்றைவிட அகலமாக, 'டி' என்று குறித்த சின்ன டெஸ்ட் பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. பழக்கத்தில் பலரும் இஎல்சிபி என்றே சொல்கிறார்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்கும். பட்டன் இல்லாமல் பெரிதாக இருக்கும் மெயின் பெரும்பாலும் வெறும் ஐசோலேட்டர். அது தானாக விழாது, நாம் கையால் இறக்கினால்தான் உண்டு.

எம்சிபி விழுந்தால் லோடு அதிகம் அல்லது ஷார்ட். ஆர்சிசிபி விழுந்தால் கரண்டு எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது. இரண்டுக்கும் தேடும் வழி வேறு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்து நாள் கணக்கில் அலைந்த வீடுகள் நிறைய.

கை வைக்கும் முன் சில விஷயங்கள். கை ஈரமில்லாமல் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். பாக்ஸின் முன் மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறக்க வேண்டாம். மெயினை இறக்கினாலும் மெயினுக்கு மேலே வந்து சேரும் வயரில் கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: மெயின் ஆஃப் ஆனதும் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கும், அதோடு இணைந்த லைட், ஃபேன் லைன்கள் உயிரோடுதான் இருக்கும். அதையும் தனியாக ஆஃப் செய்யுங்கள்.

விழுந்த லீவர் சில கம்பெனி எம்சிபிகளில் நடுவிலேயே நிற்கும். அதை ஒரு தடவை முழுசாகக் கீழே இறக்கி, பிறகு மேலே தூக்க வேண்டும். பாதியிலிருந்து தூக்கினால் நிற்காது. "எம்சிபி போச்சு" என்று கூப்பிட்ட சில இடங்களில் இந்த ஒன்றிலேயே வேலை முடிந்திருக்கிறது. எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். ஒரு தடவை பார்க்கலாம், இரண்டாவது தடவைக்குள் எதையாவது கழற்றியிருக்க வேண்டும். லீவரை விரலால் பிடித்துக்கொண்டு நின்றாலும் பயனில்லை, உள்ளே அது விழத்தான் செய்யும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

கருகல் வாசனையோ, கிர்ர் சத்தமோ, புகையோ இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் "சூடு, வாசனை, சத்தம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

## எம்சிபி: தூக்கியவுடனே 'டப்'

இது ஷார்ட். பேஸும் (கரண்டு வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பும் வயர்), அல்லது பேஸும் எர்த்தும், நேராகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்த எம்சிபியில் ஓடும் எல்லாப் பிளக்கையும் உருவுங்கள். சுவிட்சை ஆஃப் பண்ணினால் போதாதா என்றால், போதாது. பழைய போர்டுகளில் சுவிட்ச் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் போட்டிருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். லைட், ஃபேன் சுவிட்சுகளையும் ஆஃப் செய்துவிட்டு எம்சிபியைத் தூக்குங்கள்.

நின்றுவிட்டது என்றால் ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள், அப்புறம் ஒவ்வொரு பிளக்காக. எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் ஆள். அதிகம் மாட்டுவது அயர்ன் பாக்ஸ் வயர், பிளக்கின் கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே நைந்திருக்கும். அடுத்து மிக்ஸி வயர், ஹோல்டர் உருகிய பல்பு, தீபாவளிக்குத் தொங்கவிட்டுக் கழற்றாமல் விட்ட சீரியல் செட். ஒரு லைட் சுவிட்சைப் போடும்போது விழுந்தால் பல்பை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் பல்பிலோ ஹோல்டரிலோ முடிந்துவிடும்.

எல்லாம் கழற்றியும் நிற்கவில்லை என்றால் சுவருக்குள் இருக்கும் வயர் அல்லது பாயிண்ட். கேட்க வேண்டிய கேள்வி: கடந்த சில நாளில் யாராவது சுவரில் ட்ரில் போட்டார்களா? டிவி மாட்ட வந்தவர், மாடுலர் கிச்சன் தச்சர், ஏசி மாட்ட வந்தவர், சாமி படத்துக்கு ஆணி அடித்த நாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் வயர் பைப் ஓடும் என்பதை மறந்துவிடுகிறோம். ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் எலி கடித்ததாகவும் இருக்கலாம். ஆணியை நீங்களே பிடுங்க வேண்டாம். அந்த எம்சிபியை ஆஃபிலேயே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், மற்ற லைன்களை ஓட்டிக்கொள்ளலாம். வருகிறவர் எம்சிபியிலிருந்து வெளியே போகும் வயரைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பார்ப்பார். அப்போதும் விழுந்தால்தான் எம்சிபி கெட்டது என்று அர்த்தம். அது அபூர்வம். எம்சிபி சில நூறு ரூபாய்தான், ஆனால் முதலிலேயே அதை மாற்றச் சொல்கிறவரிடம் "வயரைக் கழற்றிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

## எம்சிபி: கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுகிறது

பத்து நிமிஷம், அரை மணி நேரம் கழித்து விழுவது ஷார்ட் இல்லை. லோடு அதிகம், அல்லது எங்கேயோ சூடு.

லோடைக் கூட்டிப் பாருங்கள். சாமானின் பின்னால் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர். 2000 வாட்ஸ் கீசரும் அதேதான். இரண்டும் ஒரே சி16 எம்சிபியில் ஓடினால் 17.4. இது 16-க்கு மேல்தான், ஆனாலும் விழாது. எம்சிபிக்கான தரப்படி, எழுதிய அளவைப் போல 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 18 ஆம்பியரை, ஒரு மணி நேரம் அது தாங்கியாக வேண்டும். 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இப்போது யாராவது 1500 வாட்ஸ் கெட்டிலையும் போட்டால் மொத்தம் கிட்டத்தட்ட 24. காபி கொதிப்பதற்குள் விழலாம், அதற்குப் பிறகும் விழலாம். "நேத்து இதே மாதிரிதானே ஓடுச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். விழவில்லை என்றால் ரிப்பேர் எதுவும் இல்லை, அந்தச் சாமானை வேறு லைனுக்கு மாற்ற வேண்டியதுதான்.

பாக்ஸ் எங்கே இருக்கிறது? எம்சிபி 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்து அளவு செய்யப்பட்டது. மேற்குப் பார்த்த சுவரில், மொட்டை மாடிப் படிக்கட்டில், சாயங்கால வெயில் அடிக்கும் இடத்தில் பாக்ஸ் இருந்தால் சித்திரை, வைகாசியில் அதே லோடுக்குச் சீக்கிரமே விழும். கோடையில் மட்டும் வரும் தொந்தரவு என்றால் இதை நினைத்துப் பாருங்கள்.

லூஸ் கனெக்ஷன். லோடு கணக்கு சரியாக இருந்தும் விழுந்தால் அடுத்த சந்தேகம் இதுதான். விழுந்தவுடன் புறங்கையை எம்சிபி முகப்பில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சகஜம். பக்கத்தில் இருப்பவை ஆறியிருக்க, இது மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அந்தச் சூடு எம்சிபிக்குள் இருக்கும் பட்டைக்கு ஏறி, கரண்டு அளவோடு போனாலும் விழவைத்துவிடும். இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை.

மூடியைத் திறந்ததும் அவர் பார்க்க வேண்டிய ஓர் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எம்சிபி வரிசைக்குக் கீழே, சில பாக்ஸில் மேலே, சீப்பு மாதிரி ஒரு செம்புப் பட்டை ஓடும். அதுதான் பஸ்பார். அதன் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு எம்சிபியின் வாய்க்குள் போய், கிளாம்புக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டி இறுக வேண்டும். அவசரத்தில் மாட்டும்போது ஏதோ ஒரு பல் கிளாம்புக்குப் பின்னால் போய் நின்றுவிடும். ஸ்க்ரூ நன்றாக இறுகிய மாதிரிதான் கைக்குத் தெரியும், ஆனால் இறுகியிருப்பது வெறும் கிளாம்ப். பல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். சின்ன லோடுக்கு மாதக் கணக்கில் ஒன்றும் தெரியாது. கீசர் போட ஆரம்பித்ததும் அந்த ஒரு பல் நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, எம்சிபியின் வாயோரப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். ஸ்க்ரூவை இறுக்கிப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. மெயின் ஆஃபில் இருக்கும்போது பல்லைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். எம்சிபி மாற்றிய சில மாதத்தில் மறுபடி அதே இடம் கருகினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கருகிய எம்சிபியோடு கருகிய பஸ்பாரையும் மாற்றச் சொல்லுங்கள். உப்புத்தாள் தேய்த்து மறுபடி போடுவது வேண்டாம்.

எம்சிபி வயசாகிவிட்டது. பல தடவை ஷார்ட்டில் விழுந்த பழைய எம்சிபி பலவீனப்படும். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் மாற்றிப் பாருங்கள், அதே ஆம்பியரில்.

அதே ஆம்பியரில் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 16 விழுகிறது என்று 32 போட்டுவிட்டுப் போவது இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான காரியம். எம்சிபி காப்பது சாமானை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. வழக்கமாக 1.5 சதுர மில்லி வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25. 2.5 வயரில் 32 போட்டால் எம்சிபி நிற்கும், வயர் வேகும்.

கடைசியாக, செலவு பிடிப்பது: கீசருக்கோ இண்டக்ஷனுக்கோ ஏசிக்கோ பாக்ஸிலிருந்து தனி லைன் இழுப்பது. பழைய வீட்டில் சமையலறை முழுவதும் ஒரே லைனில் இருந்தால் இதைத் தள்ளிப் போட முடியாது. பைப்பில் இடம் இருந்தால் அரை நாள் வேலை, இல்லையென்றால் சுவரை வெட்ட வேண்டும்.

## எம்சிபி: மோட்டார் போடும்போது மட்டும் விழுகிறது

மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு விநாடி, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்டு இழுக்கும். வீட்டு எம்சிபியில் எண்ணுக்கு முன்னால் பி என்று இருந்தால், எழுதிய ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழும். சி என்றால் 5 முதல் 10 மடங்கு. மோட்டார் லைனில் யாராவது பி போட்டிருக்கிறார்களா என்று முகப்பைப் பாருங்கள், அது மூடியைத் திறக்காமலே தெரியும்.

எம்சிபி சி தான் என்றால் மோட்டாரின் சத்தத்தைக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்று, சில விநாடியில் எம்சிபி விழுந்தால் காரணம் இந்த வரிசையில் இருக்கும்: சாயங்கால நேரத்து வோல்டேஜ் குறைவு, கெட்ட கெபாசிட்டர், இறுகிப்போன பம்ப். வோல்டேஜ் குறைவு என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நன்றாக ஓடும். கெபாசிட்டர் என்றால் எந்த நேரமும் முனகும். அது உப்பியிருப்பதும் ஒழுகியிருப்பதும் பல நேரம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும் என்பதால் முனையைத் தொட வேண்டாம். ஊருக்குப் போய்விட்டு வந்து பல நாள் கழித்துப் போட்ட மோனோபிளாக் மோட்டார் என்றால் பம்ப் துருவில் ஒட்டியிருக்கும். மெயினை ஆஃப் செய்து, பின்பக்கக் கூலிங் ஃபேனை மெதுவாகச் சுற்றிவிட்டால் விட்டுக்கொடுக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, அதாவது காயில், போயிருக்கும். போர்வெல்லில் இறங்கிய சப்மெர்சிபிள் என்றால் பைப்பைத் தூக்க ஆள், வண்டி எல்லாம் வேண்டும், இந்தக் கட்டுரையிலேயே பெரிய செலவு இதுதான். தூக்குவதற்கு முன் மேலே கேபிளில் மெக்கர் (வயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் தூக்கித்தான் ஆக வேண்டும். பல நேரம் கெட்டிருப்பது மோட்டார் அல்ல, தண்ணீருக்குள் இருக்கும் கேபிள் ஜாயிண்ட்.

## ஆர்சிசிபி விழுகிறது

எனக்கு அதிகம் வரும் போன் இதற்குத்தான். அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். எப்போது விழுகிறது என்பதைக் கவனித்தாலே கிளை பிரிந்துவிடும்.

### ஒரு குறிப்பிட்ட சாமானைப் போட்டால்

அதன் பிளக்கை உருவிவிட்டு ஒரு நாள் பாருங்கள். விழவில்லை என்றால் முடிந்தது, அந்தச் சாமானை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

முதல் இடம் கீசருக்கு. போர் தண்ணீர் உப்பு படிந்து எலிமெண்டின் மேலுறை வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கும். போட்டவுடன் விழாமல் சூடேறிச் சில நிமிஷத்தில் விழுவதுதான் இதன் அடையாளம். எலிமெண்டை மட்டும் மாற்றலாம், கீசரையே மாற்ற வேண்டியதில்லை. அடுத்து வாஷிங் மெஷின், வாளியில் போடும் ஹீட்டர் ராடு.

ஃபிரிட்ஜ் கொஞ்சம் ஏமாற்றும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் பனியை உருக்கும் ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் ஓடும். அதில் கசிவு இருந்தால் யாரும் எதையும் தொடாத நேரத்தில், நடு ராத்திரியில், ஆர்சிசிபி விழும். "காரணமே இல்லாமல் விழுது" என்ற புகாரில் முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகிப்பேன். ரொம்ப நாள் போடாத ஓவன் மழைக்காலத்தில் விழவைத்தால் உடனே தூக்கிப் போடாதீர்கள். எலிமெண்ட் ஈரம் இழுத்திருக்கும், மெக்கானிக் காயவைத்துத் தருவார்.

### மழை பெய்தால் மட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் வரும் போன்கள். வெளியே இருக்கும் பாயிண்ட்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள்: கேட் லைட், காலிங் பெல் சுவிட்ச், மொட்டை மாடி லைட், தண்ணீர்த் தொட்டி சென்சார் வயர், சம்ப் மோட்டார், ஏசியின் வெளி யூனிட். அவற்றின் சுவிட்சையும் எம்சிபியையும் ஆஃப் செய்துவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால், காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். காலிங் பெல் சுவிட்ச் பாக்ஸுக்குள் எறும்புக் கூடும் பல்லியும் தண்ணீரும் சேர்ந்தே கிடக்கும். சுவரே நனைந்து சுவிட்ச் போர்டு ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தால் அந்தப் போர்டைத் தொடவே வேண்டாம். இங்கே எலக்ட்ரீஷியனுக்கு முன்னால் கொத்தனார் வேண்டும். கசிவை அடைக்காமல் பாயிண்டை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி அதே போன்.

### எல்லா எம்சிபியையும் இறக்கியும் நிற்கவில்லை

இங்கேதான் பலரும் "ஆர்சிசிபி போச்சு" என்று முடிவு கட்டி மாற்றுகிறார்கள். புதிதும் விழும். ஒற்றை எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். ஏதோ ஓர் இடத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் எம்சிபியை இறக்கி ஒன்றும் ஆகாது. சில நேரம் உடனே விழும், சில நேரம் வேறு ஏதாவது பெரிய லோடு ஏறும்போது விழும். அதனால்தான் கீசர் போடும்போது விழுந்தாலும் கீசர் குற்றவாளி இல்லாமல் போகிறது.

வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் உருவுங்கள், ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி உட்பட. நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் செருகும்போதே விழலாம். நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வேலை. மெயினை ஆஃப் செய்து, பாக்ஸுக்குள் நியூட்ரல் வயர்கள் எல்லாம் வந்து சேரும் நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் மெக்கர் வைத்துப் பார்ப்பார். எந்த லைன் என்று தெரிந்துவிடும். சுவிட்ச் பாக்ஸ் ஸ்க்ரூ நியூட்ரல் வயரைக் கடித்திருப்பது இதில் ரொம்ப சகஜம்.

### இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு, அல்லது புது வேலை நடந்த பிறகு

நியூட்ரல் கலந்துவிட்டது. ஆர்சிசிபி வழியாகப் போன பேஸ் கரண்டு அதே ஆர்சிசிபி வழியாகத் திரும்பி வர வேண்டும். இன்வெர்ட்டர் மாட்ட வந்தவர் கிடைத்த நியூட்ரலில் சேர்த்துவிட்டுப் போனால் வேறு வழியாகத் திரும்பும், ஆர்சிசிபிக்கு அது கசிவு. மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்சிசிபி உள்ள வீட்டில், மாடிப்படி லைட்டுக்குப் பேஸ் ஒரு பக்கமும் நியூட்ரல் இன்னொரு பக்கமும் எடுத்திருப்பார்கள். சாமான் எதிலும் பழுதில்லாமல், ஒரு குறிப்பிட்ட லைட் போட்டால் விழுவது இதன் அடையாளம். வேலை செய்தவரையே கூப்பிட்டு நியூட்ரலைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

### நேரம் காலம் இல்லாமல், இடி இடித்தால், விசேஷ நாளில்

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15 வரை விழக் கூடாது, 30-க்குள் விழுந்தாக வேண்டும். கம்ப்யூட்டர், டிவி, எல்இடி டிரைவர் ஒவ்வொன்றும் பழுதில்லாமலே துளித் துளியாகக் கசியவிடும். வீடு முழுவதும் ஒரே ஆர்சிசிபியில் இருந்தால் இவை எல்லாம் சேர்ந்து 15-ஐ நெருங்கி நிற்கும். அதற்கு மேல் ஒரு சின்ன ஈரம் போதும். கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர் வந்தால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தீர்வு, லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்சிசிபி போடுவது, அல்லது லைனுக்கு ஓர் ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது). இது ஆயிரக் கணக்கில் செலவு. மலிவு வழி என்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியை மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. அது தீ விபத்தைத் தடுக்க உதவும், மனிதரைக் காப்பாற்ற உதவாது.

இடி மின்னலில் எப்போதோ ஒரு தடவை விழுந்து, தூக்கியதும் நின்றால் விட்டுவிடுங்கள்.

கடைசி வாய்ப்பாகத்தான் ஆர்சிசிபியே கெட்டது என்பது. வெளியே போகும் வயர்களைக் கழற்றியும் அது விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். "இப்போதைக்கு பைபாஸ் பண்ணிட்டுப் போறேன், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த "அப்புறம்" வந்ததை நான் பார்த்ததில்லை. பழுதான ஒரு லைனை மட்டும், நியூட்ரலோடு சேர்த்து, கழற்றி வைத்துவிட்டு மீதி வீட்டை ஓட்டலாம்.

## டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை

கரண்டு இருக்கும்போது அழுத்தினீர்களா? இல்லாதபோது விழாது. கரண்டு இருந்தும் விழவில்லை என்றால் வேறு சோதனை எதுவும் வேண்டாம், மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத்திப் பார்ப்பது நல்லது. வருஷக் கணக்கில் அசையாமல் இருந்தால் உள்ளே இறுகிவிடும்.

## எதுவும் விழவில்லை, ஆனால் தொட்டால் சுள்ளென்கிறது

ஃபிரிட்ஜ் கதவு, வாஷிங் மெஷின், பாத்ரூம் குழாய். லேசாகத்தானே என்று பழகிக்கொள்வது ஆபத்து.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தால் எர்த்தே இல்லை. நேராகச் சுவர் பாயிண்டில் மாற்றினால் சரியாகிவிடும். அப்போதும் அடித்தால் அந்தப் பாயிண்டில் எர்த் வயர் இணைக்காமல் இருக்கலாம், அல்லது எர்த் குழி காய்ந்திருக்கலாம். கோடையில் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரியானால் குழியைச் சீர் செய்ய வேண்டும் என்று அர்த்தம், வருஷம் முழுக்க ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று அல்ல. எலக்ட்ரீஷியன் பேஸுக்கும் எர்த்துக்கும் அளந்தால் பேஸ்-நியூட்ரல் அளவுக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்தான் இருக்க வேண்டும்.

குழாயில் அடித்தால் கீசரை ஆஃப் செய்து பிளக்கை உருவிவிட்டு, அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். அந்த வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் இதோடு சேர்த்து அதையும் போட்டுவிடுங்கள்.

## எதுவும் விழவில்லை, கரண்டும் இல்லை

பக்கத்து வீட்டைப் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் காத்திருங்கள். அங்கே இருந்து, உங்கள் வீட்டில் பாதி மட்டும் இல்லையென்றால், மூன்று பேஸ் இணைப்பில் ஒரு பேஸ் போயிருக்கும்.

பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால் நியூட்ரல் கட். ஓர் அறையில் மட்டும் என்றால் ஜங்ஷன் பாக்ஸிலோ நியூட்ரல் லிங்கிலோ லூஸ். வீடு முழுவதும் என்றால் மீட்டர் பக்கம் அல்லது கம்பம்.

இதில் ஒரு வகைக்குத் தாமதிக்கவே கூடாது. மூன்று பேஸ் வீட்டில் சில லைட் மங்கி, சில லைட் கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தால், அல்லது ஒன்றைப் போட்டால் மற்றொன்று பளிச்சென்று ஆனால், வரும் நியூட்ரல் அறுந்துகொண்டிருக்கிறது. 230 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேலும் ஏறலாம். எம்சிபியும் ஆர்சிசிபியும் இதற்கு விழாது. உடனே மெயினை இறக்குங்கள், எதையும் சோதிக்க வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மீட்டர் சீலையோ அதற்கு முந்தைய ஃபியூஸையோ நம் எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது.

## சூடு, வாசனை, சத்தம்

மீன் நாற்றம் மாதிரி ஒரு வாடை வந்தால் அது பெரும்பாலும் சூடேறும் பிளாஸ்டிக். பாக்ஸில் கிர்ர் அல்லது சடசட சத்தம் கேட்டால் உள்ளே ஸ்பார்க் ஓடுகிறது. பெரிய லோடுகளை அந்தந்தச் சுவிட்சில் ஆஃப் செய்துவிட்டு மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். பாக்ஸின் முகப்பே உருகியிருந்தால் மெயினிலும் கை வைக்காமல் விலகி, மின்வாரியத்துக்குச் சொல்லிக் கம்பத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

காரணம் எம்சிபி முனை, பஸ்பார் பல், நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ இவற்றில் ஒன்றாக இருக்கும். நியூட்ரல் லிங்க்கைப் பலரும் பார்ப்பதில்லை. எல்லா லைனின் கரண்டும் திரும்பி வரும் இடம் அது, ஒரே ஓட்டையில் இரண்டு மூன்று வயரைத் திணித்திருந்தால் கருகுவது நிச்சயம்.

## ஆளைக் கூப்பிடும்போது

உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள், மெக்கர் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். டெஸ்டர் மட்டும் கொண்டு வருகிறவரால் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். எது விழுந்தது, தூக்கியவுடனா கொஞ்ச நேரம் கழித்தா, எதைக் கழற்றினால் நின்றது, மழையா, சமீபத்தில் சுவரில் என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடுங்கள். பாக்ஸை மூடியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் தேவையான எம்சிபியைக் கையோடு வாங்கி வருவார்.

வேலை முடிந்ததும் மூடியைப் பூட்டுவதற்கு முன் எட்ட நின்று பாருங்கள்: மாற்றிய எம்சிபியில் பழைய எண்ணே இருக்கிறதா, நியூட்ரல் எல்லாம் அதனதன் லிங்க்கில் இருக்கிறதா, ஆர்சிசிபியின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு நேராகப் போகும் துண்டு வயர் எதுவும் ஒளிந்திருக்கிறதா. பிறகு மூடியைப் போட்டு, மெயினைத் தூக்கி, உங்கள் கையாலேயே டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழுந்தால் பணம் கொடுக்கலாம்.